பீட்டா எச்சிஜி, புரோஜெஸ்டிரோன்: தொடக்கக் கர்ப்ப ஹார்மோன் தொகுப்பு பற்றிய ஒரு மதிப்பீடு

கர்ப்பம் உறுதியான சில நாள்களிலேயே, அது நல்லபடியாகத் தொடருமா என்பதை ரத்தத்தைக் கொண்டு அறிந்துவிடலாம் என்ற அறிமுகத்தோடு தனியார் ஆய்வகங்கள் ஒரு பரிசோதனைத் தொகுப்பை விற்கின்றன. கர்ப்ப ஹார்மோனான பீட்டா எச்சிஜி, கருப்பையின் உட்சுவரைக் காக்கும் புரோஜெஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோனான எஸ்ட்ரடையால், தைராய்டு தொடர்பான டிஎஸ்எச் ஆகிய நான்கையும் ஒரே ரத்த மாதிரியில் அளந்து, முடிவைச் செயலியில் அனுப்புகிறார்கள். இரண்டு நாள் கழித்து எச்சிஜியை மட்டும் மறுபடி அளப்பதும் அதே கட்டணத்தில் அடங்கும். முன்பு ஒரு கருச்சிதைவைக் கடந்தவள் என்பதால், அடுத்த கர்ப்பத்தில் லேசான ரத்தக்கசிவு தென்பட்டதும் என் மருத்துவர் சொன்னபடி இந்தச் சேவையைப் பயன்படுத்தினேன். ஆய்வகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் நிறைகுறைகள் பெரும்பாலும் இந்தச் சேவை வடிவமைக்கப்பட்டுள்ள முறையைச் சேர்ந்தவை. வேறு ஆய்வகத்துக்குப் போகிறவர்களுக்கும் அவை பொருந்தக்கூடும்.

என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரத்தத்தை அளக்கும் வேலையை ஆய்வகம் நன்றாகச் செய்கிறது. அளந்த எண்ணுக்குப் பொருள் சொல்லும் இடத்தில்தான் அது தடுமாறுகிறது. அச்சத்தோடு காத்திருக்கும் ஒரு பெண்ணின் கையில் விளக்கமில்லாத எண்ணைக் கொடுத்துவிட்டு அது ஒதுங்கிக்கொள்கிறது.

மாதிரி எடுக்க வந்த ஊழியர் பொறுமையானவர். பெயரையும் பிறந்த தேதியையும் என் வாயாலேயே சொல்லச் சொல்லி, குழாயில் ஒட்டிய பட்டையோடு என் கண்முன்னே ஒப்பிட்டுப் பார்த்தார். அன்று மாலையே முடிவு வந்துவிட்டது. ரத்தக்கசிவோடு இருக்கும் ஒருத்திக்கு இந்த வேகம் மிகப் பெரிய உதவி. அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். குறை, முடிவு வந்த பிறகுதான் தொடங்குகிறது.

எச்சிஜி என்பது, கரு கருப்பைச் சுவரில் பதியத் தொடங்கியதும், பின்னாளில் நஞ்சுக்கொடியாக வளரப்போகும் திசு சுரக்கும் ஹார்மோன். அதன் ஆல்ஃபா பகுதி, சூலகத்தைத் தூண்டும் எல்எச், எஃப்எஸ்எச், தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் ஆகிய மூன்று ஹார்மோன்களுக்கும் பொதுவானது. பீட்டா பகுதிதான் அதற்கே உரிய அடையாளம் என்பதால் ஆய்வகங்கள் பீட்டாவைக் குறிவைத்து அளக்கின்றன. ஒரு மில்லிலிட்டரில் 5 மில்லி அலகுக்குக் கீழே என்றால் பொதுவாகக் கர்ப்பமில்லை, 25க்கு மேலே என்றால் கர்ப்பம், இடைப்பட்டது என்றால் மறுபடி பார்க்க வேண்டும் என்பது வழக்கம். இந்தக் கேள்விக்கு, அதாவது கர்ப்பமா இல்லையா என்பதற்கு, ரத்தப் பரிசோதனை மிகத் தெளிவாக விடை தருகிறது. அது நிலைக்குமா என்ற அடுத்த கேள்விக்கு ஒரே ஒரு அளவு தரும் விடை மிகவும் மங்கலானது. இந்த வேறுபாட்டைச் சேவையின் அறிமுகப் பக்கம் எங்குமே சொல்வதில்லை.

அறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்தில் வாரவாரியான அட்டவணை ஒன்று அச்சிடப்பட்டிருந்தது. நான்காம் வாரத்துக்கு 5 முதல் 426 வரை, ஐந்தாம் வாரத்துக்கு 18 முதல் 7,340 வரை என்று பரவலாகப் புழங்கும் அதே அட்டவணைதான். கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் இடையே நானூறு மடங்கு வேறுபாடு இருக்கும் ஒரு வரம்புக்குள் தன் எண் விழுந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வதால் யாருக்கும் ஒன்றும் புலப்படப்போவதில்லை. மேலும், இந்த வாரங்கள் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து கணக்கிடப்படுபவை. முட்டை ஒரு வாரம் தாமதமாக வெளியான பெண்ணுக்கு, கர்ப்பத்தில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே எண் குறைவாகத் தெரியும். கரு பதியும் நாளும் எல்லோருக்கும் ஒன்றல்ல. 1999இல் வெளியான ஆலன் வில்காக்ஸ் குழுவினரின் ஆய்வில், முட்டை வெளியானதிலிருந்து 8, 9, 10 ஆகிய நாள்களில்தான் பெரும்பான்மையான கருக்கள் பதிந்தன என்றும், பதிவது தாமதமாகத் தாமதமாகத் தொடக்க இழப்பு கூடியது என்றும் தெரியவந்தது. செயற்கைக் கருத்தரிப்பில் கரு வைக்கப்பட்ட நாள் துல்லியமாகத் தெரியும் என்பதால், அங்கே குறிப்பிட்ட நாளில் எடுக்கும் ஒற்றை அளவுக்கே ஓரளவு முன்னறிவிப்பு மதிப்பு உண்டு. இயல்பாகக் கருவுற்றவர்களுக்கும் அதே அட்டவணையை நீட்டுவது பொருந்தாது.

ஆகவே இந்தத் தொகுப்பில் உண்மையிலேயே மதிப்புள்ள பகுதி, இரண்டு நாள் இடைவெளியில் எடுக்கும் இரண்டாவது எச்சிஜிதான். தொடக்க வாரங்களில் இந்த ஹார்மோன் வேகமாகப் பெருகும் என்பதால், ஓர் எண்ணைவிட இரண்டு எண்களுக்கு இடையிலான உயர்வு அதிகம் பேசும். எவ்வளவு உயர வேண்டும் என்பதில்தான் குழப்பம். "48 மணி நேரத்தில் இருமடங்காக வேண்டும்" என்று செயலி எழுதியிருந்தது. இது பழைய, மிகக் கறாரான வாய்ப்பாடு. 1981இல் காதர் குழுவினர் 66 சதவீத உயர்வைக் கீழ் எல்லையாக முன்வைத்தார்கள். 2004இல் பார்ன்ஹார்ட் குழுவினர், நலமாகத் தொடர்ந்த கர்ப்பங்களில் மிக மெதுவாக உயர்ந்தவற்றைப் பார்த்து அந்த எல்லையை 53 சதவீதமாகக் குறைத்தார்கள். பின்னர், தொடக்க அளவு 1,500க்குக் கீழே இருந்தால் 49, 1,500 முதல் 3,000 வரை என்றால் 40, அதற்கு மேலே என்றால் 33 சதவீதம் என்று எல்லை மேலும் தளர்ந்தது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரியின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டியும் இந்த எண்களையே எடுத்துக்கொண்டது. மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்போ, 63 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தால் கருப்பைக்குள் வளரும் கர்ப்பமாக இருக்க வாய்ப்பு அதிகம், 50 சதவீதத்துக்கு மேல் சரிந்தால் தொடர வாய்ப்புக் குறைவு, இரண்டுக்கும் இடைப்பட்டால் 24 மணி நேரத்துக்குள் மருத்துவர் பார்க்க வேண்டும் என்று பிரித்துச் சொல்கிறது.

இந்த எல்லைகள் நடைமுறையில் எவ்வளவு வேறுபட்ட பொருளைத் தரும் என்பதற்கு ஒரு கணக்கைப் பார்க்கலாம். முதல் அளவு 420, அடுத்தது 660 என்று வைத்துக்கொள்வோம். உயர்வு 57 சதவீதம். செயலியின் இருமடங்கு விதிப்படி இது தோல்வி. நைஸ் பிரிப்பின்படி இது மருத்துவர் பார்க்க வேண்டிய இடைநிலை. அமெரிக்க வழிகாட்டியின்படி, நலமான கர்ப்பத்திலும் காணக்கூடிய உயர்வு. ஒரே ரத்தம், ஒரே எண். படிக்கும் விதியைப் பொறுத்து ஒரு பெண் அன்றிரவு அழுவதா, உறங்குவதா என்பது முடிவாகிறது. இப்படிப்பட்ட நிலையில், எந்த விதியைக் கொண்டு சிவப்புக் குறி இடுகிறோம் என்பதை அறிக்கையில் எழுதுவது ஆய்வகத்தின் குறைந்தபட்சக் கடமை. என் அறிக்கையில் அது இல்லை.

அதைவிடப் பெரிய குறை, நேரம் பற்றியது. அறிக்கையில் மாதிரி எடுத்த தேதி இருந்தது, மணி இல்லை. அச்சிடப்பட்டிருந்த மணி, முடிவு வெளியான மணி. மேலே சொன்ன 420, 660 என்ற எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மாதிரியை நண்பகலிலும் இரண்டாவதை மறுநாளுக்கு அடுத்த நாள் காலை 6 மணிக்கும் எடுத்திருந்தால் இடைவெளி 48 மணி நேரம் இல்லை, 42தான். 42 மணி நேரத்தில் 57 சதவீதம் என்பது, 48 மணி நேரத்துக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 68 சதவீத உயர்வு. அதாவது, இடைநிலை என்று கருதப்பட்ட அதே முடிவு, நைஸ் சொல்லும் 63ஐத் தாண்டி நல்ல பக்கத்துக்கு வந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து மாதிரி எடுக்கும் சேவையில் ஊழியர் வரும் நேரம் முன்பின்னாக மாறுவது இயல்பு. ஆகவே இதைப் பயன்படுத்துகிறவர்கள் ஊசி ஏற்றிய மணியைத் தாங்களே குறித்துவைத்து, மருத்துவரிடம் அறிக்கையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். அதேபோல, இரண்டு மாதிரிகளும் ஒரே ஆய்வகத்தில், ஒரே வகைக் கருவியில் அளக்கப்படுகின்றனவா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எச்சிஜி பல வடிவங்களில் ரத்தத்தில் உலவுவதால், ஒவ்வொரு கருவியும் அவற்றை ஒவ்வொரு விகிதத்தில் பிடிக்கும். கருவி மாறினால், உடலில் எந்த மாற்றமும் இல்லாமலேயே எண் மாறிவிடக்கூடும்.

எண் நன்றாக உயர்ந்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைப்பதும் ஆபத்து. கரு கருக்குழாயில் பதிந்த கர்ப்பங்களில் பல, மெதுவாக உயர்ந்தோ மெதுவாகச் சரிந்தோ தம்மைக் காட்டிக்கொடுக்கும் என்றாலும், சில கருப்பைக்குள் வளரும் கர்ப்பத்தைப் போலவே உயர்ந்துகொண்டு போகும். எச்சிஜி கரு இருக்கும் இடத்தைச் சொல்லாது. இந்த ஒற்றை உண்மையை அறிக்கையின் முதல் வரியாக அச்சிட வேண்டும் என்பேன். ஒரு பக்கமாக அடிவயிற்றில் கடும் வலி, தோள்முனையில் வலி, தலைசுற்றி மயக்கம் வருவது, ரத்தப்போக்கு அதிகரிப்பது ஆகியவற்றில் எது இருந்தாலும், இரண்டாவது எண்ணுக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். "சாதாரண உயர்வு" என்று பச்சை நிறத்தில் வரும் செய்தி ஒருத்தியை வீட்டிலேயே இருத்திவிடுமானால், அந்தச் செய்தி வராமலிருப்பதே மேல்.

இடத்தையும் உயிரோட்டத்தையும் காட்டுவது ஸ்கேன்தான். எச்சிஜி 1,500 அல்லது 2,000ஐத் தாண்டினால் கருப்பைக்குள் கருவைச் சூழ்ந்திருக்கும் பை தெரிந்தாக வேண்டும் என்று சொல்வதற்கு மாறாக, அந்தப் பை தென்பட வேண்டிய எல்லையை 3,500 வரை உயர்த்தி வைப்பது பாதுகாப்பானது என்று மேலே சொன்ன அமெரிக்க வழிகாட்டி கருதுகிறது. நலமான கர்ப்பம் ஒன்றை அவசரப்பட்டுக் கலைத்துவிடக் கூடாது என்பதே அதற்குக் காரணம். கருவின் நீளம் 7 மில்லிமீட்டரை எட்டியும் இதயத் துடிப்பு இல்லை, அல்லது அந்தப் பையின் சராசரி விட்டம் 25 மில்லிமீட்டரை எட்டியும் உள்ளே கரு இல்லை என்றால்தான், கர்ப்பம் தொடராது என்று உறுதியாகச் சொல்லலாம் என்ற கண்டிப்பான அளவுகோல் 2013 முதல் பரவலாகப் பின்பற்றப்படுகிறது. ஹார்மோன் எண்ணை மட்டும் வைத்து அந்த உறுதியை யாரும் தருவதில்லை, தரவும் கூடாது.

புரோஜெஸ்டிரோன் பகுதிக்கு வருகிறேன். முட்டை வெளியேறிய பின் சூலகத்தில் எஞ்சும் கார்பஸ் லூட்டியம் என்ற தற்காலிகச் சுரப்பி இதைச் சுரந்து கருப்பையின் உட்சுவரைக் காக்கிறது. ஏறத்தாழ ஏழு முதல் ஒன்பது வாரங்களுக்குள் அந்தப் பொறுப்பை நஞ்சுக்கொடி ஏற்றுக்கொள்கிறது. 1970களில் சாப்போ குழுவினர், ஏழாம் வாரத்துக்கு முன் அந்தச் சுரப்பியை அகற்றினால் கர்ப்பம் கலைந்துவிடுகிறது என்று காட்டினார்கள். இதிலிருந்து, அளவு குறைந்தால் கர்ப்பம் ஆபத்தில் இருக்கிறது, மாத்திரையால் அளவைக் கூட்டினால் காப்பாற்றிவிடலாம் என்று ஒரு நேர்க்கோடு போட்டுவிடத் தோன்றும். என் அறிக்கையின் சிவப்புக் குறியும் அந்தக் கோட்டின் மேல்தான் நின்றது. உண்மை அவ்வளவு நேரானதல்ல.

இந்த அளவு இரு முனைகளில் மட்டுமே நன்றாகப் பேசுகிறது. ஒரு மில்லிலிட்டரில் 5 நானோகிராமுக்கு வெகுவாகக் கீழே இருந்தால் நலமான கர்ப்பம் அரிது. 25க்கு மேலே இருந்தால் பெரும்பாலும் நலம். 2012இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, வலியோ ரத்தக்கசிவோ உள்ள, ஸ்கேனில் தெளிவு கிடைக்காத பெண்களில், 3.2 முதல் 6 நானோகிராம் வரையிலான எல்லையை வைத்துப் பார்த்தபோது, அதற்குக் கீழே வந்தவர்களில் 99 சதவீதம் பேரின் கர்ப்பம் தொடராதது என்று கண்டது. ஆனால் அதே எல்லை, தொடராத கர்ப்பங்களில் நான்கில் ஒன்றைத் தவறவிட்டது. இடைப்பட்ட பரப்பில், குறிப்பாக 10க்கும் 20க்கும் நடுவே, விழும் பெண்ணுக்கு இந்த எண் எதையும் தீர்மானமாகச் சொல்லாது. தொடர் எச்சிஜி அளவுகளோடு துணைச் சான்றாகப் புரோஜெஸ்டிரோனைப் பயன்படுத்த வேண்டாம் என்று நைஸ் வழிகாட்டி வெளிப்படையாகவே சொல்கிறது. தவிர, கர்ப்பமில்லாத பெண்களின் மாதச் சுழற்சிப் பின்பாதியில் இந்த ஹார்மோன் துடிப்புத் துடிப்பாகச் சுரந்து, ஒரே நாளில் பல மடங்கு ஏறியிறங்குவதை 1980களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். ஒற்றை மாதிரியைப் பெரிதாக நம்பத் தயங்க இதுவும் ஒரு காரணம்.

இங்கே சேவையின் படிவத்தில் உள்ள ஓர் ஓட்டையைச் சொல்லியாக வேண்டும். என்னென்ன மருந்து எடுத்துக்கொள்கிறீர்கள் என்று எங்கும் கேட்கவில்லை. புரோஜெஸ்டிரோன் ஊசியோ மாத்திரையோ எடுப்பவரின் அளவு, உடல் தானாகச் சுரந்ததைக் காட்டாது. புரோஜெஸ்டிரோனைப் போல வேலை செய்யும் செயற்கை மருந்தான டைட்ரோஜெஸ்டிரோனை எடுத்துக்கொள்பவரின் அளவு மருந்தால் உயர்வதே இல்லை, ஏனெனில் அந்த மூலக்கூறை வழக்கமான பரிசோதனை புரோஜெஸ்டிரோனாகக் கணக்கிடாது. முட்டையை வெளியேற்ற எச்சிஜி ஊசி போட்டவருக்கு, கர்ப்பமே இல்லாமலும் சில நாள்களுக்கு நேர்மறை முடிவு வரலாம். முடிக்கும் நகத்துக்கும் என்று அதிக அளவில் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவரிடம், சில கருவிகள் எச்சிஜியைக் குறைத்தும் புரோஜெஸ்டிரோனைக் கூட்டியும் காட்டக்கூடும். நான்கே கேள்விகளைப் படிவத்தில் சேர்த்திருந்தால் இவ்வளவு குழப்பமும் தவிர்ந்திருக்கும்.

காரணம், விளைவு பற்றியும் ஒரு சொல். தொடக்கக் கருச்சிதைவுகளில் ஏறத்தாழ பாதி, கருவின் குரோமோசோம் எண்ணிக்கையில் நேர்ந்த பிழையால் நிகழ்பவை. அப்படிப்பட்ட கரு வளர்ச்சியை நிறுத்தும்போது எச்சிஜி தளர்கிறது. அதன் தூண்டுதல் குறைவதால் கார்பஸ் லூட்டியமும் தளர்ந்து புரோஜெஸ்டிரோன் இறங்குகிறது. இங்கே குறைந்த எண், நடந்துவிட்ட ஒன்றின் நிழல். அதை மருந்தால் உயர்த்தினாலும் குரோமோசோம் மாறாது. இதைத் தெரிந்துகொள்ளாத பெண், மாத்திரையை ஒரு வேளை மறந்ததால்தான் இழந்தோம் என்று பல ஆண்டுகள் தன்னையே குற்றம் சாட்டிக்கொள்வாள். அப்படி வருந்துகிறவர்களை நான் அறிவேன். அவர்களுக்காகவே இந்தப் பத்தியை எழுதுகிறேன்.

மருந்தே வீண் என்று இதற்குப் பொருளில்லை. 2019இல் வெளியான பிரிசம் ஆய்வில், தொடக்கக் கர்ப்பத்தில் ரத்தக்கசிவு ஏற்பட்ட 4,153 பெண்கள் பங்கேற்றார்கள். மொத்தத்தில் பார்த்தால், புரோஜெஸ்டிரோன் பெற்றவர்களில் 75 சதவீதமும் வெற்று மருந்து பெற்றவர்களில் 72 சதவீதமும் குழந்தை பெற்றார்கள். புள்ளியியல்படி உறுதியான வேறுபாடு இல்லை. ஆனால் முன்பு மூன்றோ அதற்கு மேலோ கருச்சிதைவு கண்டவர்களில் அந்த வீதம் 72க்கு 57 என்று தெளிவாக விலகியது. இதை ஒட்டியே, முன்பு கருச்சிதைவு கண்டு, இப்போது ரத்தக்கசிவும் உள்ள, ஸ்கேனில் கருப்பைக்குள் கர்ப்பம் உறுதியான பெண்களுக்கு, நுண்துகளாக்கிய புரோஜெஸ்டிரோனை 400 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை பெண்ணுறுப்பின் வழியே தரலாம் என்று நைஸ் அமைப்பு 2021இல் பரிந்துரைத்தது. இதில் கவனிக்க வேண்டியது, மருந்து யாருக்கு என்பதைத் தீர்மானித்தவை முந்தைய இழப்பும் ரத்தக்கசிவும்தான். ரத்தத்தில் இருந்த ஹார்மோன் அளவு அல்ல. எனக்கும் என் மருத்துவர் இந்த அடிப்படையிலேயே முடிவெடுத்தார், தொகுப்பின் புரோஜெஸ்டிரோன் வரியை அவர் ஏறக்குறையப் பார்க்கவே இல்லை.

எஸ்ட்ரடையால் இந்தத் தொகுப்பில் ஏன் இருக்கிறது என்று புரியவில்லை. இயல்பாகக் கருவுற்றவரின் அறிக்கையில் அதை வைத்து எடுக்கக்கூடிய முடிவு எதுவும் இல்லை. டிஎஸ்எச் பயனுள்ளது, ஆனால் அது தாயின் தைராய்டு நலத்தைப் பற்றியது. எச்சிஜி தைராய்டையும் லேசாகத் தூண்டுவதால் முதல் மூன்று மாதங்களில் டிஎஸ்எச் சற்றுக் குறைவது இயல்பு; என் அறிக்கையில் கர்ப்பிணிகளுக்கான வரம்பை அச்சிடாமல் பொது வரம்பையே அச்சிட்டிருந்தார்கள்.

கட்டணத்தில் அடங்கிய தொலைபேசி ஆலோசனையைப் பற்றி நல்லதாகவே எழுத வேண்டும். பேசிய மருத்துவர் எந்தக் கணிப்பும் சொல்ல மறுத்தார். வலி இருக்கிறதா, எந்தப் பக்கம், முன்பு கருக்குழாயில் அறுவை நடந்ததா என்று வரிசையாகக் கேட்டு, எந்த நாளில் ஸ்கேன் எடுத்தால் ஏதாவது தெரிய வாய்ப்புண்டு என்பதைக் கணக்கிட்டுச் சொன்னார். செயலியின் சிவப்புக் குறியைப் பற்றிக் கேட்டபோது, அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்றார். அவர் போன்றவரின் குரல் முதலில் வந்து, எண் அதன்பின் வந்திருக்க வேண்டும். இந்தச் சேவையில் வரிசை தலைகீழாக இருக்கிறது. முடிவு வந்ததும் தானாகவே அழைப்பு வரும் ஏற்பாட்டை ஆய்வகம் செய்யலாம்.

ஆகவே, ரத்தக்கசிவோ வலியோ உள்ளவர்கள், முன்பு கருக்குழாய்க் கர்ப்பம் கண்டவர்கள், கருத்தரிப்புச் சிகிச்சையில் இருப்பவர்கள் ஆகியோர் மருத்துவர் சொன்னால் இரட்டை எச்சிஜியைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். புரோஜெஸ்டிரோனைத் தனியாக மருத்துவர் கேட்டால் மட்டும் சேருங்கள். எந்தத் தொல்லையும் இல்லாமல், மனநிம்மதிக்காக மட்டும் இதை வாங்க நினைப்பவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். நிம்மதியைத் தரும் தன்மை இந்த எண்களுக்கு இல்லை.

ஸ்கேனில் இதயத் துடிப்பு தெரிந்த பிறகும் செயலி எனக்கு வாரம்தோறும் அடுத்த எச்சிஜிக்கான நினைவூட்டலை அனுப்பிக்கொண்டே இருந்தது. எச்சிஜி எட்டு முதல் பதினொன்றாம் வாரத்துக்குள் உச்சத்தை எட்டி, அதன்பின் கர்ப்பம் நலமாக இருக்கும்போதே இறங்கத் தொடங்கும். அந்த நினைவூட்டலை நம்பிப் பத்தாம் வாரத்திலும் பன்னிரண்டாம் வாரத்திலும் ரத்தம் கொடுக்கும் ஒரு பெண், சரிந்த எண்ணைச் சிவப்பு நிறத்தில் பார்ப்பாள். ஸ்கேன் முடிவைப் பதிந்ததும் அந்த நினைவூட்டல் நின்றுவிடும்படி செயலியைத் திருத்துங்கள் என்று ஆய்வகத்துக்கு எழுதியிருக்கிறேன்.